சுமைப்புல்

பக்தவத்சலத்தின் கையிலிருந்து விசில் மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தபோதுதான் தமயந்திக்குப் பயம் வந்தது. முதல் இரண்டு முறையும் அவன் குனிந்து எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "வயசாயிடுச்சு போல" என்று பெண்களிடம் சிரித்தான். இந்த முறை விரல்கள் விசிலைப் பற்றவே மறுத்தன. புல்லில் கிடந்த அந்தச் சின்னப் பொருளைச் சுற்றி அவன் கை கோழி கொத்துவதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது பெண்கள் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். ரெபேக்கா ஓடி வந்து விசிலை எடுத்துக் கொடுத்தாள். பதினைந்து வயது. அவன் பயிற்சி கொடுத்த பெண்களிலேயே அவளைப்போல ஓடுகிறவள் கிடையாது. அவளும் அன்றைக்குக் காலியாக இருந்த கோலுக்கு முன்னால் பந்தை உதைக்கப் போய்க் காற்றை உதைத்திருந்தாள்.

"காலு மரத்துப்போவுது மாஸ்டர். ஒரு வாரமா இப்படித்தான்" என்றாள்.

"தண்ணி குடிக்கிறதில்ல நீ. போ, உக்காரு."

வேலியோரம் நின்றிருந்த தமயந்தி புருஷனின் கையையும் அந்தப் பெண்ணின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். வெறுங்கையும் வெறுங்காலுமாக இரண்டும் புல்லில் பட்டுக்கொண்டிருந்தன. அந்த மைதானத்தில் யாரும் செருப்புப் போடுவதில்லை. அவ்வளவு மெத்தென்ற புல் அது.

கரித்துறை என்ற பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளித்த காலம் ஒன்று இருந்தது. நிலக்கரி இறக்கும் பாலம், சாயப்பட்டறை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காஸ்டிக் சோடா ஆலை. ஆலை நாற்பது வருடம் ஓடிவிட்டு ஒரு நாள் மூடிக்கொண்டது. பாதரசம் ஊறிய இரண்டு கிலோமீட்டர் கடற்கரையை அது சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டுப் போயிற்று. எருக்கஞ்செடிகூட முளைக்காத மண். ஆலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் மட்டும் பக்கத்திலிருந்த லேபர் லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டன. போக வேறு இடம் இல்லை.

பிறகு நீலக்கரை நிறுவனம் வந்தது. கூடவே அந்தப் புல்லும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய புல். அதன் வேர் மண்ணிலிருக்கும் பாதரசத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து வேருக்குக் கொடுத்துவிடும். கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அப்படி. எந்தப் பக்கம் கைமாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு மண்ணுக்கடியில் ஒரு கம்பி. அதில் லேசாக மின்சாரம். லேபர் லைன்காரர்கள் அதற்குச் சுமைப்புல் என்று பெயர் வைத்தார்கள். எட்டே வருடத்தில் சாம்பல் கரை பச்சையாகி, பதினெட்டுக் குழிகளோடு கோல்ஃப் மைதானம் ஆனது. வெள்ளைக் காலணி போட்டவர்கள் வந்தார்கள்.

அப்போதுதான் பக்தவத்சலம் ரோட்டில் உட்கார்ந்தான். எங்கள் அப்பன்மார் செத்த கரையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓட ஒரு இடம் வேண்டும் என்றான். நாற்பத்தேழு நாள் வெயிலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் கரையின் வடக்கு ஓரத்தில் நான்கு ஏக்கர் பொதுப் பூங்காவாகக் கிடைத்தது. பெண்கள் பந்து ஆடுவது அதில்தான். வாசல் கல்லில் பொறித்த பெயர்களில் ஒன்பதாவது அவனுடையது.

தமயந்திக்கு வேலி தாண்டி கோல்ஃப் மைதானத்தில் வேலை. பாதரசம் மிச்சமிருக்கிறதா என்று நீளமான எஃகு ஊசியை மண்ணில் குத்திப் பார்ப்பாள். கைப்பிடியில் மூன்று விளக்குகள். ஆறு வருடத்தில் பச்சையைத் தவிர வேறெதுவும் எரிந்ததில்லை. ஊசியைப் பூங்காவுக்குள் கொண்டுபோகச் சொல்லி யாரும் சொன்னதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ஊசியோடு பூங்காவுக்குள் நுழைந்தாள். புல் நுனிகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உப்புக்காற்று என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்தார்கள். காய்ந்தால் மாவுபோல உதிரும். பிள்ளைகள் உருண்டு எழுந்தால் முதுகெல்லாம் ஒட்டியிருக்கும்.

கோல் கம்பத்தருகே குத்தினாள். சிவப்பு எரிந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். ஓட்டமாகக் கோல்ஃப் மைதானத்துக்குள் போய் ஏழாவது குழி அருகே குத்தினாள். பச்சை. திரும்ப ஓடி வந்து ஊஞ்சலுக்குக் கீழே, பெஞ்சுக்குப் பக்கத்தில், பக்தவத்சலம் தினமும் நிற்கும் மூலையில் குத்தினாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

பொறியாளர் சீதாபதியின் அறை பழைய நிலக்கரி எடைமேடைக் கட்டடத்தில் இருந்தது. புல்லைப் பதித்த நாளிலிருந்து இங்கேயே இருப்பவர், அதிர்ந்து பேசாதவர். அவள் ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றபோது, என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"எங்கே குத்தினீங்க?"

"பார்க்குல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உக்காருங்கம்மா."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"பாதரசத்தை அழிக்க முடியாது. எரிச்சா புகையில போகும், கழுவினா தண்ணியில போகும். எங்கேயாவது இருந்தே தீரும். புல் அதை இடம் மாத்துது, அவ்வளவுதான். கம்பி வடக்கே பார்த்து இருக்கு. கரை முழுக்க இருந்த விஷம் வடக்கு ஓரத்துல வந்து சேருது. அங்கேயிருந்து தோண்டி எடுத்துப் பத்திரமான இடத்துல புதைக்கணும்னுதான் திட்டம்."

"ஏன் எடுக்கல?"

"எங்கே கொண்டுபோய் வைக்கிறது? ஏழு ஊர்ல கேட்டோம். ஏழு ஊரும் மாட்டேன்னுடுச்சு. அதுக்குள்ள உங்காளுங்க ரோட்டுல உக்கார்ந்துட்டாங்க. நாங்க மேற்கே, டிப்போ பக்கம் இடம் தர்றோம்னோம். கடலைப் பார்த்த மாதிரி வடக்கு ஓரம்தான் வேணும்னு உங்க வீட்டுக்காரர்தான் ஒத்தைக்கால்ல நின்னார்."

"அது விஷம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

சீதாபதி ஊசியை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "மண்ணோட தன்மை சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தோம்."

"மண்ணு தன்மைன்னா எங்களுக்கு இன்னா சார் தெரியும்? வீடு கட்ட ஆவாதுன்னு நெனைச்சுக்குவோம். சின்னச் சின்னப் புள்ளைங்க சார். உருண்டு புரளுதுங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் தினமும் இந்த ஜன்னல் வழியாத்தானே பார்க்கிறேன்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கம்பியை நிறுத்துங்க."

"நிறுத்தினா பிடிச்சு வைக்க ஆள் இல்லாம நாலா பக்கமும் கசியும். உங்க போரிங் தண்ணி வரைக்கும் வரும்."

"அப்போ திருப்புங்க. வந்த வழியே தெக்கே போவட்டும்."

"நான் திருப்பினா நாளைக்கு என் நாற்காலியில வேற ஒருத்தன் உக்கார்ந்து திரும்பவும் வடக்கே வைப்பான். என்னால முடியாதும்மா."

தன்னால் முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வந்தவள் நேராகப் பம்ப் அறைக்குப் போனாள். கம்பியின் பெட்டி அங்கேதான் இருந்தது. ஊசி குத்திப் பார்க்கிறவர்களிடம் அந்த அறையின் சாவி உண்டு. உள்ளே ஒரே ஒரு கைப்பிடி, வடக்கு தெற்கு என்று எழுதியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தெற்கே இழுத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு ஃபேன் சுவிட்சைப் போட்டால்கூட அதைவிடச் சத்தம் கேட்டிருக்கும். வெளியே வந்து மூச்சு வாங்க நின்றாள்.

எதிரே ஏழாவது குழியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் லேபர் லைன் பெண்கள். வெறும் கை, வெறும் கால். விளையாடுகிறவர்கள் காலணியோடு வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர்கள். இவர்கள் தினமும் எட்டு மணி நேரம் அந்தப் புல்லிலேயே கிடப்பவர்கள். அவளுடைய ஓரகத்தி தலையைத் தூக்கி, "இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? சாப்டியா?" என்று கத்தினாள்.

தமயந்தி உள்ளே திரும்பிப் போனாள். கைப்பிடியை மறுபடி வடக்கே தள்ளினாள். பிறகு அந்தப் பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் பக்தவத்சலம் பெண்களின் பனியன்களை அலசிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கையை வாளியிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"மொதல்லேர்ந்தே."

"நாந்தானே அந்த எடம் கேட்டேன்."

"உனக்குச் சொல்லாம விட்டாங்கய்யா."

"நாந்தானே கேட்டேன்" என்று திரும்பவும் சொன்னான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிப் பூங்கா வாசலை இழுத்துப் பூட்டினான்.

அதை யாரும் நம்பவில்லை. அதுதான் கொடுமை. நாற்பத்தேழு நாள் அவனோடு வெயிலில் உட்கார்ந்தவர்களே வாசலில் கூடி அவன் சட்டையைப் பிடித்தார்கள். "பெரிய எடத்துல போயி இன்னா வாங்கினே?" "மைதானத்தைப் பெருசாக்கப் போறானுங்க, அதுக்கு இவன் எடுபிடி." தமயந்தி ஊசியைக் குத்திச் சிவப்பைக் காட்டினாள். "அது உன் கம்பெனி ஊசிதானே?" என்றான் ஒருவன். சாயங்காலத்துக்குள் சங்கிலியை அறுத்துவிட்டார்கள். அவன் கண்ணெதிரிலேயே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஓடுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே இழுத்துவிடப் பார்த்தான். அவன் கைப்பிடியில் பலமில்லை, எல்லாம் நழுவி ஓடின.

ஐந்தாம் நாள் ரெபேக்கா விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியாமல் கன்னத்தில் ஊற்றிக்கொண்டாளாம். எழுந்து நிற்க முயன்றவளுக்குக் கால் ஊன்றவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று டாக்டர் கேட்டார். வேலை செய்யவில்லை, பந்து விளையாடுகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். அதன்பிறகு அந்தத் தெருவிலிருந்த எல்லாப் பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அந்த வாரம் லேபர் லைனில் எந்த வீட்டிலும் ஒழுங்காக உலை வைக்கவில்லை.

நீலக்கரை நிறுவனத்திலிருந்து பேச வந்த பெண் அதிகாரிக்கு நல்ல தமிழ். பள்ளிக்கூடத்து ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, தானும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். சீதாபதி பின்னால் நின்றார்.

"நடந்தது தப்பு. அதை நான் மறைக்க வரலை. உங்க பிள்ளைங்க வைத்தியம் கடைசிவரைக்கும் எங்க பொறுப்பு. பார்க்கை ஒன்றரை வருஷத்துல சுத்தம் பண்ணிக் கொடுத்துடலாம்."

"எப்படி?" என்றான் பக்தவத்சலம்.

"கம்பியை இன்னும் கொஞ்சம் நீட்டணும். பார்க்குக்கும் ஓடைக்கும் நடுவுல உங்க பொது மணல்திட்டு இருக்கில்லையா, அது வழியா ஒரு வரிசை புல். ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடும். அந்தத் திட்டு உங்களுடையது. அதனால உங்க சம்மதம் வேணும்."

"அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

"மணல்மேடு. நாற்பது ஐம்பது குடிசை. அவங்களுக்கும் ஒரு பார்க் கேட்டிருக்கோம்."

வேறு வழி என்ன என்று தமயந்தி எழுந்து கேட்டாள். சம்மதிக்காவிட்டால் கம்பி இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கும், மழைக்காலம் வந்தால் பூங்காவில் தேங்கியது வீடுகளுக்குள் ஏறும் என்றார் சீதாபதி. அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

காகிதம் முதலில் பக்தவத்சலத்திடம்தான் வந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேனாவைக் காகிதத்தில் வைத்தான்.

தமயந்தி அவன் தோளைப் பிடித்தாள். "யோவ், அந்தாண்டயும் புள்ளைங்க இருக்கும்யா."

"இருக்கும்."

"தெரிஞ்சே போடுறியா?"

"எனக்குப் பத்தொம்பது பொண்ணுங்க. அதுல ஒண்ணு எழுந்து நிக்கமாட்டேங்குது. அந்தக் கரையில யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். அவங்க பேரு ஒண்ணு தெரிஞ்சாலும் என்னால போட முடியாது தமயந்தி. சொல்லிடாத."

அவன் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. அவனுக்குப் பின்னால் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் போட்டார்கள். கடைசியில் காகிதம் தமயந்தியிடம் வந்தது. ரெபேக்காவின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தியும் போட்டாள்.

புல் நடுகிற வேலை அவளுக்கே வந்தது. பழகிய கை வேறு யாருக்கும் இல்லை. பொது மணல்திட்டில் நட்டு முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கம்பி பதிக்கிறவர்கள் முன்னால் போனார்கள். அவள் பின்னால் கூடையோடு போய் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு நாற்றாக நட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தும்போது, இது இல்லாவிட்டால் ரெபேக்கா எழமாட்டாள் என்று சொல்லிக்கொண்டாள். பக்தவத்சலமும் அவளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை விட்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் காலை கூடையைத் தூக்கிக்கொண்டு நடைபாலத்தைக் கடந்து அந்தக் கரையில் இறங்கினாள். கம்பி ஏற்கெனவே மணலுக்குள் போயிருந்தது. ஓடையோரம் முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு பெண் மட்டிச்சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தமயந்தியின் வயதுதான் இருக்கும்.

"நீதான் புல்லு வைக்க வந்தவளா? இந்தக் கரையில எங்கிட்டத்தான் எல்லாம் கேட்டுக்கணும்னு சொன்னாங்க. எம்பேரு தெய்வானை" என்றாள்.

பேர் தெரிந்துவிட்டது. தமயந்தி கூடையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். உங்க ஆளுங்ககிட்ட உடனே போயி சொல்லுங்க. இந்தப் புல்லை நட விடாதீங்க. பார்க்குன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. இது அந்தக் கரையில இருக்கிற விஷத்தை இங்க கொண்டாந்து கொட்டும். எங்க தெருவுல புள்ளைங்க கையி காலு வெளங்காம கிடக்குதுங்க. எங்க வீட்டுக்காரருதான் மொத கையெழுத்து. நானும் போட்டேன். நான் சொன்னேன்னு சொல்லுங்க, பரவாயில்ல. கம்பியைப் பிடுங்கிப் போடுங்க."

சொன்னதும் ரெபேக்காவையும் மற்ற பதினெட்டுப் பெண்களையும் தன் வாயாலேயே கொன்றுவிட்டோம் என்று தோன்றியது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. பிள்ளைகளின் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதுவரை சொன்னாள்.

தெய்வானை மட்டிக்கூடையைத் தண்ணீரில் அலசியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரையேறினாள்.

"தெரியும்மா."

"இன்னாது?"

"எல்லாம் சொல்லிட்டாங்க. ஒரு பொம்பள ஆபீசர் வந்து மணல்ல உக்கார்ந்து வெவரமா சொல்லுச்சு. உங்ககிட்டதான் மறைச்சாங்களாம், அதனாலதான் வம்பாயிடுச்சாம். எங்ககிட்ட ஒண்ணும் மறைக்கல. ரெண்டு வருஷம் புள்ளைங்களைப் புல்லுப் பக்கம் விடாம பாத்துக்கணும். வேலி போட்டுத் தராங்க. எங்களுக்குக் கரெண்டு இல்ல, தண்ணி இல்ல, அதெல்லாம் வருது. இத்தினி வருஷமா எவனும் இந்த ஓடையைத் தாண்டி வந்ததில்ல."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"கம்பி வடக்கே போயிடும். கழிமுகத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு இருக்குது. அது வரைக்கும் எங்க மணல்லதான் புல்லு போவணும், எங்க சம்மதம் வேணும்னாங்க. அதுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுட்டோம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அதை நாங்களா போயி சொல்றது? ஆபீசர் சொல்லும்."

தெய்வானையின் முகத்தில் குரோதமோ குற்றவுணர்வோ எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குக் குழம்பு வைக்க நேரமாகிறதே என்ற யோசனைதான் இருந்தது. தமயந்தியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஹாலில் காகிதத்தை வாங்கியபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அந்த ஊருக்கு எப்படிக்கா போறது?"

"கரையைப் பிடிச்சு நடந்தா மத்தியானம் ஆவும். எதுக்கு?"

"சொல்லணும்."

தெய்வானை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புத்தி சரியில்லாதவர்களிடம் பேசுகிறமாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போயி சொல்லு. ஆனா அவங்களுக்கு வடக்காலயும் யாராச்சும் இருப்பாங்கம்மா."

சொல்லிவிட்டு அவள் குடிசைகளைப் பார்த்து நடந்தாள். தமயந்தி கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் கரையோரமாக வடக்கே நடக்கத் தொடங்கினாள். கூடையில் முப்பது நாற்றுகள்போல மிச்சமிருந்தன. வெயில் ஏறுவதற்குள் யாராவது வந்து அவற்றை நட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.